இரவுப் பணியும் சட்டமும்: இந்தியத் தொழிற்சாலைச் சட்டங்களில் இரவு உழைப்பாளியின் உடல் (1881–2000)

ஆய்வுச் சுருக்கம்

இந்தியத் தொழிற்சாலைச் சட்டங்கள் இரவு உழைப்பை எவ்வாறு கையாண்டன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. இரவில் யார் உழைக்கலாம் என்ற வினாவுக்குச் சட்டம் நூறாண்டுக்கும் மேலாக விடை வகுத்து வந்தது. இரவில் உழைப்பவரின் உடல் எவ்வாறு ஈடுகொடுக்கும், எவ்வாறு மீளும் என்ற வினாவோ தொழிலாளரிடமும் அவர்தம் குடும்பத்திடமும் விடப்பட்டது. இதனைச் சட்டப் பிரிவுகள், தமிழகப் பஞ்சாலைகளின் வரலாறு, உடற்கடிகார ஆய்வுகள் ஆகியவற்றைக் கொண்டு கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இரவுப் பணி, ஷிப்டு, தொழிற்சாலைச் சட்டம், பஞ்சாலை, பெண் தொழிலாளர், உடற்கடிகாரம்.

முன்னுரை

இரவில் விழித்து உழைத்தல் தமிழ்ச் சமூகத்திற்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சி மதுரை நகரின் இரவை யாமம் யாமமாகப் பகுத்துக் காட்டுகிறது. அல்லங்காடி வணிகரும் ஊர்க்காவலரும் அதில் இடம்பெறுகின்றனர். வயலுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சும் உழவரும், இரவில் கடலேறும் பரதவரும் இரவை அறிந்தவர்களே. எனினும் இவ்வுழைப்புகளில் இரவு ஒரு தொழிலின் இயல்பான கூறாக அமைந்தது. நீரின் முறை, மீனின் வரவு, காவலின் தேவை என ஒவ்வொன்றும் தனக்குரிய காரணத்தால் இரவை நாடியது.

ஆலை கொணர்ந்த இரவு வேறானது. பகலில் செய்யும் அதே வேலையை அதே எந்திரத்தில் இரவிலும் செய்யவேண்டும் என்பதும், ஒரே தொழிலாளி ஒரு வாரம் பகலிலும் மறு வாரம் இரவிலும் உழைக்கவேண்டும் என்பதும் அதன் தன்மைகள். எந்திரத்தில் இட்ட முதல் உறங்கக்கூடாது என்பதே இவ்விரவுக்குக் காரணம். இம்மாற்றத்திற்குச் சட்டம் அளித்த விடை யாது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

விளக்கும் வேலை நேரமும்

1881ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் வேலை நேரத்தைப் பொறுத்தவரை குழந்தைகளை மட்டுமே கருத்திற்கொண்டது. 7 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது. 7 முதல் 12 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்கு 9 மணி நேரம் என வரையறுத்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு 11 மணி நேர வரம்பை விதித்ததோடு, பெண்களும் குழந்தைகளும் இரவில் பணியாற்றுவதையும் கட்டுப்படுத்தியது. வயதுவந்த ஆணின் உழைப்பு நேரம் குறித்து இவ்விரு சட்டங்களும் வரம்பு எதனையும் விதிக்கவில்லை.

அக்காலத்தில் இவ்வமைதி பெரிதாகத் தோன்றவில்லை. கதிரவன் மறைவே ஆலைக்கு இயற்கை வரம்பாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய் ஆலைகளில் மின்விளக்குகள் பரவியபோது அவ்வரம்பு தகர்ந்தது. வேலை நேரம் விளக்கொளியில் நீண்டது. அதற்கெழுந்த எதிர்ப்பின் விளைவாக 1907இல் இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையம் அமைக்கப்பட்டது.

சென்னையைச் சார்ந்த மருத்துவரும் பின்னாளில் நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவருமான டாக்டர் டி. எம். நாயர் அவ்வாணையத்தின் உறுப்பினர். வயதுவந்த ஆண்களின் நேரத்தை நேரடியாக வரையறுப்பதைப் பெரும்பான்மை உறுப்பினர்கள் ஏற்கவில்லை. இளையோர் என்றொரு பிரிவை உருவாக்கி அவர்களுக்கு 12 மணி நேரம் விதித்தால், ஆண்களின் நேரமும் மறைமுகமாகக் குறையும் என அவர்கள் கருதினர். நாயர் உடன்படாமல் மாற்றுக்குறிப்பு எழுதினார். ஆண்களுக்கும் நேரடி வரம்பு வேண்டும் என வாதிட்டார். 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் ஆண்களுக்கு 12 மணி நேரம் என வகுத்தபோது அவர் வாதத்தின் ஒரு பகுதி ஏற்கப்பட்டது. உழைப்பின் அளவு சட்டத்தின் பொருளாயிற்று. எனினும் அவ்வுழைப்பு நாளின் எப்பொழுதில் நிகழ்கிறது என்பது ஆண்களைப் பொறுத்தவரை உடல்நலச் சிக்கலாக எண்ணப்படவில்லை. பகலின் 12 மணியும் இரவின் 12 மணியும் கணக்கில் ஒன்றாகவே நின்றன.

பெண்ணும் இரவும்

பெண்களைப் பொறுத்தவரை நிலை மாறானது. 1906ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையும், 1919இல் வாசிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு நிறைவேற்றிய உடன்படிக்கையும் தொழிலகங்களில் பெண்களின் இரவுப் பணியைத் தடைசெய்தன. இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரையிலான பொழுதை உள்ளடக்கிய 11 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்பது அவற்றின் அளவுகோல். 1919ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 1921இல் ஏற்றது. அதன் வழியில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பெண்களைக் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டுமே பணியில் அமர்த்தலாம் என்றது. மாநில அரசுகள் இவ்வெல்லையை மாற்றலாம். ஆயினும் இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையே அனுமதி கூடாது.

இத்தடையின் நோக்கம் உடல்நலமே எனக் கொள்ளுதல் கடினம். மீன் பதப்படுத்தும் ஆலைகளில், மூலப்பொருள் கெட்டுப்போகாமல் தடுக்கும் பொருட்டு, பெண்களின் இரவுப் பணிக்கு அப்பிரிவே விலக்களித்தது. மீன் அழுகுமாயின் தடை நெகிழலாம் என்பது இதன் பொருள். மருத்துவமனைச் செவிலியரின் இரவுப் பணியோ இச்சட்டத்தின் எல்லைக்குள்ளேயே வரவில்லை. எனவே பெண்ணின் உடல் இரவைத் தாங்காது என்பது சட்டத்தின் உறுதியான நிலைப்பாடன்று. ஆலை, இரவு, பெண் ஆகிய மூன்றும் ஒருங்கே சேர்வதையே அது தவிர்க்க முனைந்தது.

தமிழகப் பஞ்சாலைகளில் இதன் விளைவைக் காணலாம். கோயம்புத்தூரில் 1888இல் தொடங்கிய ஆலைத் தொழில், 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின் விரைந்து வளர்ந்தது. மின்சாரம் இரவும் பகலும் கிடைக்க, ஷிப்டு முறை வேரூன்றியது. ஆலைச் சங்கின் ஒலி ஊருக்கே பொழுது சொல்லும் கருவியாயிற்று. எல்லா ஷிப்டுகளிலும் சுழற்றி நிறுத்தத்தக்க தொழிலாளியை விரும்பிய ஆலைக்கு, பகலில் மட்டும் நிறுத்தத்தக்க பெண் பயன் குறைந்தவரானார். ரீலிங் போன்ற சில பகற்பணிகளில் பெண்கள் ஒதுங்க, நூற்புக்கூடம் ஆண்களின் இடமாயிற்று. பெண்ணைக் காக்க எழுந்த விதி, அவரது வேலைவாய்ப்பைச் சுருக்கியது. இரவின் சுமை முழுவதையும் ஆணின் மேல் ஏற்றியது.

சட்டம் வகுத்த 'நாள்'

அச்சுமையைத் தாங்கிய ஆணுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது யாது? நாளுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 மணி என்ற வரம்புகள் அவருக்கும் பொருந்தின. இரவு ஷிப்டைக் குறித்துத் தனியே பேசுவது 57ஆம் பிரிவு. நள்ளிரவைக் கடந்து நீளும் ஷிப்டில் பணியாற்றுபவருக்கு, வார விடுமுறை என்பது ஷிப்டு முடியும் நேரத்திலிருந்து தொடங்கும் 24 மணி நேரம். நள்ளிரவுக்குப் பிந்தைய வேலை முந்தைய நாளின் கணக்கில் சேரும். அடுத்த 'நாள்' ஷிப்டு முடிந்ததும் பிறக்கும்.

இப்பிரிவு பயனுடையதே. இது இல்லையேல் நள்ளிரவு, தொழிலாளியின் விடுமுறையை இரண்டாகக் கூறுபோட்டிருக்கும். ஆயினும் இது கணக்கின் தேவைக்காக எழுந்த விதி. காலை 7 மணிக்கு ஷிப்டு முடிந்தால் சட்டத்தின்படி அப்பொழுதே புதிய நாள் பிறந்துவிடுகிறது. முந்தைய நாளின் உறக்கம் எங்கு நிகழ்ந்திருக்கவேண்டும் என்பது குறித்து இப்பிரிவு பேசவில்லை. இரு ஷிப்டுகளுக்கு இடையே இத்தனை மணி ஓய்வு வேண்டும் என்ற வரம்பும் இதில் இல்லை.

ஷிப்டு மாற்றத்தையும் ஓய்வையும் இணைக்கும் விதி ஒன்று அச்சட்டத்தில் உண்டு. வார விடுமுறைக்கோ பிற விடுமுறைக்கோ பின்னர் அன்றி ஷிப்டை மாற்றலாகாது என்பது அது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட இவ்விதி அமைந்திருப்பது 66ஆம் பிரிவில், அதாவது பெண்களுக்கான பிரிவில். உடல் ஒரு பொழுதிலிருந்து மறு பொழுதுக்கு மாற இடைவெளி தேவை என்பதைச் சட்டம் அறிந்திருந்தது. ஆனால் அவ்வறிவு, இரவு ஷிப்டுக்குச் செல்லவே தடைவிதிக்கப்பட்டவருக்கு வழங்கப்பட்டது. வாரந்தோறும் இரவுக்கும் பகலுக்கும் மாறிக்கொண்டிருந்தவருக்கு வழங்கப்படவில்லை. இரவு உழைப்பாளியின் உடல் சட்டத்தில் இடம்பெறாமையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

சட்டம் விட்ட இடத்தை வீடு நிரப்பியது. ஓரறை லைன் வீடுகளில் பகலில் ஒருவர் உறங்கவேண்டுமாயின் ஏனையோர் வெளியேறவேண்டும், அல்லது ஓசையடங்கவேண்டும். குழந்தைகளை அடக்குதல், ஷிப்டுக்கேற்ப அடுப்பை மீண்டும் மூட்டுதல், வெளிச்சத்தை மறைத்தல் ஆகியன பெண்களின் வேலையாயின. ஆலையின் இரவிலிருந்து விலக்கப்பட்ட பெண், வீட்டில் அவ்விரவின் ஊதியமற்ற பங்காளியானார்.

உடற்கடிகாரம் கூறுவது

பழகினால் உடல் இரவுக்கு இசைந்துவிடும் என்ற நம்பிக்கையே இவ்வமைப்பின் அடித்தளம். இந்நம்பிக்கையை ஆய்வுகள் ஐயுறச் செய்தன. 1938இல் நத்தானியேல் கிளைட்மன் தம் மாணவர் ரிச்சர்ட்சனுடன் அமெரிக்காவின் மம்மத் குகையில் 32 நாள் தங்கி, நாளை 28 மணி நேரமாகக் கொண்டு வாழ முயன்றார். இளைஞரான மாணவரின் உடல் புதிய நாளுக்கு இசைந்தது. நாற்பதைக் கடந்த ஆசிரியரின் உடல் இசையவில்லை. இசைவு எல்லார்க்கும் ஒன்றன்று என்பதை இது உணர்த்தியது.

தமிழகத்திலும் இத்துறைக்குச் சிறந்த மரபுண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குகைவாழ் வௌவால்களின் உடற்கடிகாரத்தை ஆராய்ந்தார். பொழுதறியும் குறிப்புகள் யாவும் விலக்கப்பட்ட தனியறையில் மனிதரின் உடற்சீரை ஆராயும் வசதியும் அங்கு உருவாக்கப்பட்டது. புறக்குறிப்பின்றியும் உடல் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியைப் பேணும் என்பதும், ஒளியே அதனைப் புறவுலகோடு இசைவிக்கும் முதன்மைக் காரணி என்பதும் இத்துறையின் அடிப்படை முடிவுகள். இரவு ஷிப்டு முடித்து வெயிலில் வீடு திரும்புபவரின் உடல், அவ்வெயிலால் மீண்டும் பகலுக்கே இழுக்கப்படுகிறது. எனவே முழுமையான இசைவு பெரும்பாலோர்க்கு வாய்ப்பதில்லை. காலை, மாலை, இரவு என முன்னோக்கிச் சுழலும் ஷிப்டு, எதிர்த்திசையில் சுழல்வதைவிடத் தாங்குவதற்கு எளிது. இத்தகைய ஏற்பாடுகள் தொழிலாளியின் மனவுறுதியைச் சார்ந்தவையல்ல. பணியட்டவணையை வகுப்போரின் கையில் உள்ளவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்டு வேலையை மனிதரில் புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்புடையவற்றுள் ஒன்றாக 2007இல் வகைப்படுத்தியது. 2019இல் இரவு ஷிப்டு வேலையை அதே வகையில் உறுதிசெய்தது.

1990ஆம் ஆண்டின் பன்னாட்டு இரவுப் பணி உடன்படிக்கை இவ்வறிவின் திசையில் அமைந்தது. அது பால் வேறுபாட்டை விடுத்து, இரவில் உழைப்போர் அனைவருக்கும் கட்டணமற்ற உடற்பரிசோதனையையும், இரவுப் பணிக்குத் தகுதியற்றவராகக் கண்டறியப்பட்டோருக்கு இயன்றவரை மாற்றுப் பணியையும் வலியுறுத்துகிறது. இந்தியா அதனை ஏற்கவில்லை.

2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு

2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் 66ஆம் பிரிவின் இரவுத்தடை அரசமைப்பின் சமத்துவக் கோட்பாட்டுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. உடன், பெண்களை இரவில் பணியமர்த்துவதற்கான நிபந்தனைகளையும் வகுத்தது. போக்குவரத்து வசதி, பாலியல் தொல்லையிலிருந்து பாதுகாப்பு, குழுவாகப் பணியமர்த்தல் ஆகியவற்றோடு, பகல் ஷிப்டிலிருந்து இரவுக்கும் இரவிலிருந்து பகலுக்கும் மாற்றும்போது குறைந்தது 12 மணி நேரத் தொடர் இடைவெளி வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. இரவு ஷிப்டுக்கு மாறும் உடலுக்கு மீட்பு நேரம் தேவை என்பது இங்குத் தெளிவாகப் பதிவாகிறது. ஆயினும் இந்நிபந்தனையும் பெண்களுக்கே உரித்தாயிற்று. அதே கூடத்தில் அதே ஷிப்டில் நிற்கும் ஆணுக்கு அது நீளவில்லை.

பெண்களுக்கும் இது எளிய வெற்றியாக அமையவில்லை. கோயம்புத்தூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகளில் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து மூன்று ஷிப்டுகளிலும் பணியில் நிறுத்தும் முறை பரவியது. விடுதி ஆலையின் வளாகத்திலேயே இருக்கையில், ஓய்வு நேரமும் ஆலையின் பார்வைக்குள் வந்துவிடுகிறது. 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பெண்களின் இரவுப் பணியை அவர்தம் ஒப்புதலோடு அனுமதிக்கிறது. ஒப்புதல், யார் உழைக்கலாம் என்ற வினாவுக்கு விடையாகும். உடல் எவ்வாறு மீளும் என்ற வினாவுக்கு விடையாகாது.

முடிவுரை

இவ்வாய்வின் வழிக் கிட்டும் முடிவுகள் மூன்று. முதலாவது, இந்தியத் தொழிற்சாலைச் சட்டங்கள் இரவை உடல்நலச் சிக்கலாகக் காணாமல், பாலினம், வயது, கணக்கு ஆகியவற்றின் சிக்கலாகவே கண்டன. இரண்டாவது, ஷிப்டு மாற்றத்திற்கு ஓய்வு தேவை என்ற கருத்து சட்டத்தில் இருந்தும், 1976இலும் 2000இலும் அது பெண்களுக்கான ஏற்பாடாகவே நின்றுவிட்டது. மூன்றாவது, இரவுக்கு இசைதல் என்பது தனிமனிதத் திறனாகக் கொள்ளப்பட்டதால், அதன் செலவு ஆலையின் கணக்கேட்டில் ஏறாமல் வீட்டின் கணக்கில் ஏறியது.

ஆணுக்கும் நேரடி வரம்பு வேண்டும் என நாயர் வாதிட்டது உழைப்பின் அளவைக் குறித்து. அதே வாதத்தை உழைப்பின் பொழுதுக்கும் விரித்து, பெண்களுக்கென எழுதப்பட்ட இடைவெளி விதிகளை இரவில் உழைப்போர் அனைவருக்கும் உரியனவாக்குதல், இவ்வரலாறு முன்வைக்கும் நேரிய தீர்வாகும்.