ஏற்காடு லேடீஸ் சீட்: பாறையும் பெயரும்

லேடீஸ் சீட் என்பது சேலம் மாவட்டம் ஏற்காட்டில், சேர்வராயன் மலையின் தென்மேற்கு விளிம்பில் அமைந்துள்ள இயற்கைப் பாறைத் தொகுதியாகும். அருகிலுள்ள ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் ஆகியவையும் இத்தொகுதியைச் சேர்ந்தவை. நாற்காலி போல் அமைந்த இப்பாறைகளிலிருந்து மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளையும் கீழே சேலம் நகரையும் காணலாம். வானம் தெளிந்த நாளில் மேட்டூர் நீர்த்தேக்கமும் தென்படும். ஏரியிலிருந்து நடந்தே இங்கு வந்துவிடலாம்.

பாறையின் பிறப்பு

சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கரும்பாறையால் ஆனது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், புவியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இப்பாறை உருவானது. மேலிருந்த அடுக்குகள் அரித்துச் சென்ற பிறகே அது வெளியே தெரிந்தது. இத்தகைய பாறைகளின் வெடிப்புகளில் மழைநீர் இறங்குகிறது. வெயிலும் குளிரும் மாறி மாறித் தாக்க, விளிம்புகள் உதிர்ந்து, கடினமான பகுதிகள் மட்டும் எஞ்சுகின்றன. மலைகளில் இருக்கை, குகை, தூண் போன்ற வடிவங்கள் தோன்றுவது இப்படித்தான்.

சார்னோக்கைட் என்ற பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறை மீதுள்ள கல், சென்னைப் பகுதியிலிருந்து சென்றது. அக்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893இல் இப்பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். தமிழகத்துப் பாறை இவ்வாறு வங்கத்தில் அடக்கமான ஓர் ஆங்கிலேயர் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது.

பெயர்கள் வந்த வழி

'ஏரி', 'காடு' என்னும் இரு சொற்களிலிருந்து ஏற்காடு என்ற பெயர் வந்தது. சேர்வராயன் என்ற பெயர் ஆங்கிலேயர் நாவில் 'ஷெவராய்' ஆயிற்று. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கு காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அதன்பின் தோட்டங்களும் பங்களாக்களும் பெருகின. மலையின் காட்சி முனைகளுக்கு ஆங்கிலப் பெயர்கள் அமைந்ததும் இக்காலச் சூழலில்தான். ஓர் ஆங்கிலப் பெண்மணி மாலை வேளைகளில் இப்பாறையில் அமர்ந்து கதிரவன் மறைவதைப் பார்ப்பார் என்பது வழங்கிவரும் கதை. அக்கதையில் அவருக்குப் பெயர் இல்லை. மேட்டூர் அணை 1934இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. எனவே, அப்பெண்மணி அதற்கு முந்தைய காலத்தவர் என்றால், இன்று நாம் தேடிப் பார்க்கும் நீர்ப்பரப்பை அவர் கண்டிருக்க முடியாது.

ஆங்கிலேயருக்கு முன்பே இங்கு வாழ்ந்தவர்கள் மலையாளிப் பழங்குடியினர். இவர்கள் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசும் மலைமக்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் என்பது இவர்களது மரபுக்கதை. சுமார் 1,623 மீட்டர் உயரத்தில் உள்ள சேர்வராயன் கோயிலும் ஓர் இயற்கைக் குகையே. அங்கே சேர்வராயனும் காவேரியம்மனும் வழிபடப்படுகின்றனர். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார மலைக்கிராம மக்கள் திரளுகின்றனர். மலையின் கிழக்கிலுள்ள பகோடா பாயிண்ட், கோபுரம் போலக் கற்களை அடுக்கி வைத்ததால் அப்பெயர் பெற்றது.

ஆக, மக்கள் குனிந்து நுழைந்து வணங்கும் பாறை ஒன்று. அமர்ந்து காட்சி பார்க்கும் பாறை மற்றொன்று. இரண்டும் ஒரே மலையின் கல். சுற்றுலாக் கையேடுகளில் முதலிடம் பெறுவது பெரும்பாலும் இரண்டாவதே.

மலையில் தங்கிய அறிஞர்கள்

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், தம் இறுதிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912இல் மறைந்த அவருக்கு இங்குள்ள ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் நினைவிடம் உள்ளது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழாக்கியவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். அவர் 1882இல் ஏற்காட்டில் காலமானார். தமிழகத்தின் தொல்பழங்கால ஆய்வும் தமிழ் உரைநடையின் வளர்ச்சியும் இச்சிறு ஊரில் சந்திக்கின்றன. ஆயினும் இங்கு வரும் மாணவர் பலருக்கு இவ்விருவரையும் தெரிவதில்லை.

ஒரு நாள் நடைப்பயணம்

காலையில் பகோடா பாயிண்ட், நண்பகலுக்குள் சேர்வராயன் கோயில், திரும்பும் வழியில் ஆலயம், மாலையில் லேடீஸ் சீட் என்று திட்டமிடலாம். கோயிலைச் சுற்றியுள்ள மேட்டுநிலத்தில் மண்ணின் செந்நிறத்தைக் கவனிக்க வேண்டும். சார்னோக்கைட் நெடுங்காலம் சிதைந்ததால் உண்டானது அது. அதில் பாக்சைட் உள்ளது. மேட்டூரில் இயங்கிய மால்கோ அலுமினிய ஆலைக்கு இம்மலையிலிருந்து பாக்சைட் வெட்டி எடுக்கப்பட்டது. கடவுள் உறையும் மலையாகவும், காப்பித் தோட்டமாகவும், கனிமச் சுரங்கமாகவும் இதே கல்லை மனிதர் வெவ்வேறு காலங்களில் கண்டுள்ளனர்.

மாலையில் பாறை விளிம்பில் தடுப்பைத் தாண்டக் கூடாது. மழைக்காலத்தில் கல் வழுக்கும். பாறையில் பெயர் செதுக்குவதையும் தவிர்க்க வேண்டும். 250 கோடி ஆண்டுப் பழமை கொண்ட கல்லில் ஏற்படும் கீறலை யாராலும் சரிசெய்ய முடியாது.