21-க்கும் 23-க்கும் நடுவில்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. (பெயரைப் போடவில்லை, பிழைப்பில் மண் விழக்கூடாது.) நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள் கிளைகளிலிருந்து தலைமையிடத்துக்கு இன்றும் எஃப்.டி.பி. வழியாகத்தான் போகின்றனவாம். "மாத்திடலாம்னு சொன்னா, இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையேன்னு கேக்கறாங்க சார். நாலு வரி எழுதிக் குடுங்க, காட்டறேன்" என்றான். நாலு வரியில் நான் எந்தப் பாடத்தை முடித்திருக்கிறேன்?

எஃப்.டி.பி. என்ற கோப்பு அனுப்பும் முறையை முதலில் எழுதியவர் நம் நாட்டுக்காரர், அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் 1965-ல் பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்தபோது, 1971 ஏப்ரலில் அதை எழுதினார். இன்றைய இணையத்தின் தாயான அர்ப்பாநெட்டில் அப்போது இணைந்திருந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவர் முன் இருந்த சிக்கல் திருட்டு அல்ல, மொழி. ஒரு இயந்திரம் 36 பிட்டுகளை ஒரு சொல்லாக எடுக்கும், இன்னொன்று 32 பிட்டுகளை. 'A' என்ற எழுத்துக்கு ஆஸ்கி முறையில் எண் 65, ஐ.பி.எம். பெரிய கணினிகளில் 193. இங்கிருந்து ஒழுங்காகக் கிளம்பியது அங்கே போய்ச் சேரும்போது உளறலாகிவிடும். (டி.டி.பி. சென்டரில் அடித்த தமிழ் வினாத்தாளை வேறு கணினியில் திறந்து, எழுத்துரு இல்லாமல் கொக்கி கொக்கியாகப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.) ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கணினிகளுக்கு நடுவே ஒரு பொதுப் பேச்சை உண்டாக்கியதுதான் பூஷண் செய்த பெரிய காரியம். பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தி வளர்த்தார்கள். 1985-ல் வந்த ஒழுங்குபட்ட வடிவம்தான் இன்றும் ஓடுவது.

அதில் பயனர் பெயரைச் சொல்ல ஒரு கட்டளை, கடவுச்சொல்லைச் சொல்ல ஒரு கட்டளை. இரண்டும் மறைப்பு ஏதுமின்றிப் பச்சையாகவே கம்பியில் போகும். அன்று அதைப் பெரிய குறையாக யாரும் நினைக்கவில்லை. ஒரு சின்ன ஊரில் கதவைத் தாழிடாமல் தூங்குவது போலத்தான்.

ஊர் பெரிதாயிற்று. 1995 தொடக்கத்தில் பின்லாந்தில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒரு ஒட்டுக்கேட்கும் நிரலைச் செருகிவிட்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்குத் துண்டுச்சீட்டு கைமாறிப் போகும் அல்லவா? நடுவில் இருப்பவன் படித்துவிட்டு, மடித்து, அடுத்தவனிடம் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அதே வேலைதான். கண்டுபிடித்தபோது அதில் ஆயிரக்கணக்கான பெயர்களும் கடவுச்சொற்களும் சேர்ந்திருந்தன. "ஒண்ணும் ஆகலையே" என்கிறவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். அந்த நிரல் அகப்படும் நாள்வரை ஹெல்சிங்கியிலும் ஒன்றும் ஆகாதது போலத்தான் இருந்தது.

அங்கே ஆய்வாளராக இருந்தவர் டாட்டு யுலோனென். சில மாதங்களில் எஸ்.எஸ்.எச். என்ற நிரலை எழுதினார். எதிர்ப்பக்கக் கணினி ஒரு திறந்த பூட்டை நீட்டும். நம் கணினி அன்றைய பேச்சுக்கு மட்டும் ஒரு புதுச் சாவியை உண்டாக்கி, அதை ஒரு பெட்டியில் வைத்து அந்தப் பூட்டைப் போட்டு அனுப்பும். பெட்டியைத் திறக்க எதிர்ப்பக்கத்தால் மட்டுமே முடியும். அதன்பிறகு கடவுச்சொல் உட்பட எல்லாமே அந்தப் புதுச் சாவியால் பூட்டப்பட்டுத்தான் போகும். (பிறகு வந்த பதிப்பு சாவியை அனுப்புவதுகூட இல்லை, இரு பக்கமும் தனித்தனியே கணக்குப் போட்டு ஒரே சாவிக்கு வந்து சேரும்.) முதல் தடவை இணையும்போது 'இந்தக் கணினியை நம்புகிறாயா' என்று கேட்குமே, எதிரே இருப்பது ஆள்மாறாட்டமா என்று பார்க்கத்தான் அது. நீங்கள் படிக்காமலேயே 'யெஸ்' அடிப்பது எனக்குத் தெரியும்.

கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வாசல் எண் உண்டு. எஃப்.டி.பி.க்கு 21, தூரத்துக் கணினியில் நுழைய உதவும் டெல்நெட்டுக்கு 23. இரண்டும் கடவுச்சொல்லைப் பச்சையாகக் கொட்டுபவை. அந்த இரண்டுக்கும் மாற்றாகத் தன் நிரலை நிறுத்த விரும்பிய யுலோனென், நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு, எண்களை ஒதுக்குபவர்களுக்கு ஜூலை 1995-ல் ஒரு மின்னஞ்சல் போட்டார். மறுநாளே ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற அம்மையார் ஒதுக்கித் தந்துவிட்டார். 1985-ன் எஃப்.டி.பி. வடிவத்தை ஜான் போஸ்டலுடன் சேர்ந்து எழுதியவரும் அவரேதான்! அந்த மாதமே நிரல் இலவசமாக வெளியானது. 1995 முடிவதற்குள் 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் பயன்படுத்தினார்கள். 1999-ல் ஓப்பன்பி.எஸ்.டி. குழுவினர் யாரும் எடுத்தாளக்கூடிய ஓப்பன்எஸ்.எஸ்.எச்.சை வெளியிட்டார்கள். அந்தப் பூட்டுக்குள்ளேயே கோப்புகளைக் கொண்டுபோவதுதான் எஸ்.எஃப்.டி.பி.

பழையது மெல்லத்தான் ஒதுங்கியது. டெபியன் தன் பொது எஃப்.டி.பி. சேவையை 2017 நவம்பரில் நிறுத்தியது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் 2021-ல் அதைக் கைவிட்டன.

தம்பி, செலவு என்று அவர்கள் இழுத்தால் இதைச் சொல்: ஓப்பன்எஸ்.எஸ்.எச். இலவசம், வின்எஸ்.சி.பி. இலவசம், விண்டோஸ் 10-லேயே 2018 முதல் எஸ்.எஸ்.எச். கூடவே வருகிறது. உனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், அவ்வளவுதான். என் முழங்கால் ஸ்கேனும் உங்கள் கிளை ஒன்றில்தான் எடுத்தது. 21-ஆம் வாசலை மூடிய அன்று ஒரு வரி எழுது.