மிரர்ஸ் எட்ஜ்: விமர்சகர்களின் வரவேற்பு

மிரர்ஸ் எட்ஜ் என்பது சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரைச் சேர்ந்த டைஸ் நிறுவனம் உருவாக்கி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட நிகழ்பட விளையாட்டு ஆகும். 2008 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்கும், 2009 சனவரியில் கணினிக்கும் வெளிவந்தது. அரசு எல்லாரையும் கண்காணிக்கும் ஒரு நகரில், ரகசியச் செய்திகளைக் கூரை வழியாகக் கொண்டு செல்லும் ஃபெயித் என்ற பெண்ணே இதன் நாயகி. ஓடியும் தாவியும் சுவரேறியும் தடைகளைக் கடக்கும் பார்க்கூர் என்னும் பிரெஞ்சுப் பயிற்சிமுறைதான் இதன் அடிப்படை.

போர்க்கள விளையாட்டான பேட்டில்ஃபீல்டு தொடருக்குப் பெயர்பெற்ற நிறுவனம், சுடுவதைப் பின்னுக்குத் தள்ளி ஓட்டத்தை முன்வைத்தது துணிச்சலான முயற்சி. ஆடுபவர் ஃபெயித்தின் கண் வழியாகவே நகரைப் பார்க்கிறார். அவளுடைய கைகளும் கால்களும் மட்டும் திரையில் தெரியும். ஓடும்போது தலைசுற்றாமலிருக்கத் திரையின் நடுவே ஒரு சிறு புள்ளி வைக்கப்பட்டது. வெள்ளைக் கட்டடங்களுக்கிடையே செல்லவேண்டிய வழியைச் சிவப்பு நிறம் காட்டும். இந்தப் புதுமையையும் காட்சியழகையும் விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினர்.

குறை கூறியவர்களும் அந்த ஓட்டத்தை வைத்தே கூறினர். ஒரு தாவல் தவறினால் கீழே விழுந்து மறுபடி தொடங்க வேண்டும். அதைச் சிலர் பயிற்சி என்றனர், சிலர் எரிச்சல் என்றனர். ஒரே விடைத்தாளை இருவர் திருத்தினால் மதிப்பெண் மாறுவது போலத்தான் இதுவும். சண்டைக் காட்சிகள் ஓட்டத்தைத் தடுக்கின்றன, கதை குறுகியது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு குறைவு. யாரையும் சுடாமலே ஆட்டத்தை முடிக்க முடியும் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அப்படி முடிப்பவருக்குத் தனிப் பாராட்டுச் சின்னமும் உண்டு. விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் இதன் சராசரி 100க்கு 80ஐ ஒட்டியே அமைந்தது. 2009இல் அமெரிக்காவின் இன்டராக்டிவ் அச்சீவ்மென்ட் விருதுகளில் ஆண்டின் சிறந்த சாகச விளையாட்டாகத் தேர்வு பெற்றது.

2016இல் வந்த மிரர்ஸ் எட்ஜ் கேட்டலிஸ்ட் விளையாட்டில் ஃபெயித்தின் கையில் துப்பாக்கியே இல்லை. பழைய குறை அதனால் பெரும்பாலும் நீங்கியது. ஆனால் திறந்துவிடப்பட்ட பெரிய நகரில் சிதறிக் கிடந்த சில்லறைப் பணிகள் சலிப்பூட்டுவதாகப் புதிய குறை எழுந்தது. சராசரி மதிப்பெண்ணும் முதல் விளையாட்டைவிடக் குறைந்தது.