சூடிக் கொடுத்த ஹெரால்டு

போன வாரம் அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, எங்க சித்தப்பா காரை நான் வாங்கிக்கப் போறேன். சொந்தத்துக்குள்ளதானே, பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டார்" என்றான். எனக்கு வயித்துல புளியைக் கரைச்சது. ஏன்னு சொல்லணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும் மக்களே.

ராஜபாளையத்துல எங்க மாமாகிட்ட ஒரு ரெண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. பின் சீட்டுக்குப் போகணும்னா முன் சீட்டை மடிச்சுட்டு குனிஞ்சு நுழையணும். பானெட்டைத் தூக்கினா முதலை வாயைப் பிளக்குற மாதிரி மட்கார்டோட சேர்ந்து முன்பக்கமா அப்படியே கவிழும். அம்பாசிடரையே பார்த்துப் பழகின எங்களுக்கு அதுதான் 'ஸ்போர்ட்ஸ் கார்'. சிரிக்காதீங்க, அதுல பாதி உண்மை இருக்கு.

1959ல இங்கிலாந்துல டிரையம்ஃப் கம்பெனி ஹெரால்டைக் கொண்டு வந்தது. டிசைன் பண்ணினவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. மூணு வருஷம் கழிச்சு, 1962ல, அதே ஹெரால்டு சேஸியைக் குட்டையாக்கி, அதே மிக்கெலாட்டி வரைஞ்ச உடம்பை மேல வச்சு ஸ்பிட்ஃபயர்னு விட்டாங்க. அது உலகம் பூரா பேர் வாங்கின அசல் ஸ்போர்ட்ஸ் கார். ஆக மாமா வண்டி ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன் முறை :)

அந்த அண்ணன் நம்ம சென்னையிலயே தயாரானவன். 1948ல ஆரம்பிச்ச ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, வண்டலூர் பக்கத்து ஃபாக்டரியில 1961லிருந்து ஹெரால்டு செஞ்சது. எஞ்சின் வெறும் 948 சிசி. பின்னாடி நாலு கதவு வச்சும் செஞ்சாங்க. இங்கிலாந்துல கூட நாலு கதவு ஹெரால்டு கிடையாது. 70களின் தொடக்கத்துல அதையே கொஞ்சம் மாத்தி கெஸல்னு வித்தாங்க. 1977ல அதுவும் நின்னு போச்சு.

அந்தக் காலத்துல புதுக் கார் வாங்குறது சாதாரணப்பட்ட காரியம் இல்ல. 1953ல அரசாங்கம், இங்கேயே உதிரிபாகம் செஞ்சு கார் தயாரிக்கிறவங்களுக்குத்தான் அனுமதின்னு சொன்னதும், இங்க பூட்டி வித்துக்கிட்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிட்டாங்க. மிச்சம் இருந்ததுல கார்னு சொல்ல மூணே பேர்தான்: அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. 1969ல கார் விலையையே அரசு ஆணை போட்டு நிர்ணயிச்சது, கம்பெனிக்காரங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க. ஃபியட்டுக்குப் பேர் பதிஞ்சுட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். அதனால கார் பெரும்பாலும் கை மாறித்தான் வரும். மில் மானேஜர்கிட்டேருந்து டாக்டருக்கு, டாக்டர்கிட்டேருந்து சொந்தக்காரனுக்கு.

ஸ்போர்ட்ஸ் காரைப் பத்திப் பேசவே வேணாம். வேகம் பார்க்கணும்னா சோழவரம் போகணும். ரெண்டாம் உலகப் போர்ல விமானம் இறங்கப் போட்ட ஓடுபாதையில கார் ரேஸ் விட்டாங்க. அதை நடத்தின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல தொடங்கினது. 1990ல இருங்காட்டுக்கோட்டைக்கு முறையான டிராக் வந்தது. கோயமுத்தூர் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வச்சே ரேஸ் கார் கட்டினார். 1995ல விமான விபத்துல போயிட்டார். பத்து வருஷம் கழிச்சு, அதே கோயமுத்தூரிலிருந்து நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். ரெண்டு சீட்டு சான் ஸ்டார்ம், பெங்களூர்க் கம்பெனி தயாரிப்பு, 1998ல தான் வந்தது. அதுவரைக்கும் எங்க பக்கத்துப் பசங்களுக்கு ஹெரால்டே கதி.

1990க்கு வருவோம். மாமாவுக்கு சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி வியாபாரம். மிச்சம் விழுற துணியெல்லாம் கார் துடைக்கத்தான் போகும். திடீர்னு ஒருநாள், "மருமகனே, வண்டியை நீ வச்சுக்கோ, பதினெட்டாயிரம் குடு" என்றார். மாமாகிட்ட பேரம் பேச முடியுமா? அத்தைதான் உள்ளேருந்து, "பதினஞ்சு போதும், டயர் வேற தேஞ்சு கிடக்கு" என்று முடிச்சு வச்சாங்க.

எங்கம்மாவுக்கு அடுத்தவங்க ஓட்டின வண்டின்னு ஒரு முகச்சுளிப்பு. பாட்டி விடல. "நம்ம ஊர்ல சூடிக் குடுத்ததுக்குத்தான்டி மரியாதை. பெருமாளே கேட்டு வாங்கிக்கிட்டார், உனக்கென்ன?"

ராஜபாளையத்துலேருந்து திருவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மேற்கே மலை கூடவே வருது. மடவார்வளாகம் தாண்டி கோபுரம் தெரிஞ்சப்ப நான் ஸ்பிட்ஃபயரே ஓட்டினேன்.

பேர் மட்டும் மாத்தல. "சொந்தத்துக்குள்ள என்னடா பேப்பர்?" என்றார் மாமா. எனக்கும் சோம்பல்.

ரெண்டு வருஷம் கழிச்சு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சைக்கிள்காரர் மேல இடிச்சுட்டேன். கால் எலும்பு முறிஞ்சது. தப்பு என்னுதுதான். நஷ்டஈடு கேட்டு கோர்ட் நோட்டீஸ் வந்தது, ராஜபாளையத்துக்கு, மாமா பேருக்கு. அறுபது வயசு மனுஷன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, நோட்டீஸைப் பையில வச்சு பஸ் ஏறி வந்து எங்க திண்ணையில உட்கார்ந்தார். திட்டல. "பிரேக் புடிச்சியா?" என்று மட்டும் கேட்டார். அதுக்கப்புறம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் என்கூட வந்து நின்னார். எனக்கு அதைவிட ஒரு அறை வாங்கியிருக்கலாம்.

1988 மோட்டார் வாகனச் சட்டம் தெளிவாத்தான் சொல்லுது. ஒரே மாநிலத்துக்குள்ளன்னா வித்தவர் 14 நாளைக்குள்ள தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளைக்குள்ள. ஃபாரம் 29, 30. இன்ஷூரன்ஸை மாத்த 14 நாள். சொந்தக்காரர் இறந்து வாரிசுக்கு வர்ற வண்டின்னா மூணு மாசத்துக்குள்ள ஃபாரம் 31. மாமா மருமகன்னு தனி விதி எதுவும் கிடையாது. 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டும் நவீன்குமார் வழக்குல இதையே சொல்லிடுச்சு: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி. புக்குல யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டப்படி ஓனர், நஷ்டஈடு அவர் தலையிலதான்.

கேஸ் முடிஞ்ச வாரமே பேர் மாத்தினேன். மாமா இப்ப இல்ல. ஹெரால்டு கொட்டகையில ஓடாம நிக்குது, விற்க மனசு வரல.

அக்கா பையன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். "சரி மாமா, சரி மாமா" என்றான். நேத்து ராத்திரி போட்டோ அனுப்பியிருந்தான். ஃபாரம் 29, 30, சித்தப்பா கையெழுத்தோட. கீழேயே ஒரு கேள்வி: "அந்த ஹெரால்டை எனக்குக் குடுப்பீங்களா?"

குடுக்கலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போறதா இருந்தா.