பவளம் எழுதிய கடல் வரலாறு

எலவனாசூர்கோட்டையில் இருந்துகொண்டு கடலின் வரலாற்றைப் பேசப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் சாலையிலுள்ள இவ்வூரிலிருந்து கடலூர்க் கரைக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். எனினும் இவ்வூர் ஏரி நிறைவதும் வறள்வதும் கடலின் கையில்தான் உள்ளது. 1876-இல் மழை பொய்த்தது. தொடர்ந்து வந்த தாது வருடப் பஞ்சத்தில் கல்வராயன் மலைக்கு அப்பாலுள்ள சேலம் மாவட்டம் மிகக் கொடிய துயருற்றது. கோட்டைகளை யார் பிடித்தார், யார் இழந்தார் என்பதை நாள் தவறாது குறித்து வைத்தவர்கள் உண்டு. அந்த ஆண்டில் கடல் எப்படி இருந்தது என்பதை எந்த ஊர்க் கணக்கரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்தது பவளம்.

பவளத்தை நாம் அணிகலனாக அறிவோம். பெண்மக்களுக்கு மர்ஜான் என்று பெயரும் இடுகிறோம். அது ஒரு சிற்றுயிரின் எலும்புக்கூடு என்பதைச் சிந்திப்பவர் குறைவு. வெயில் படும் ஆழமற்ற கடலில் வளரும் பாறைப் பவளம், மரத்தின் வளையம்போல் ஆண்டுக்கோர் அடுக்கு வைக்கிறது. அவ்வடுக்கிலுள்ள ஆக்சிஜன் அணுக்களின் எடை வேறுபாடு, அது வளர்ந்த நாளில் நீர் எவ்வளவு வெதுவெதுப்பாய் இருந்தது என்பதைக் காட்டும். சீஷெல்ஸ் தீவின் பவளமொன்றை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட கணக்கு 1846 வரை பின்னோக்கிச் செல்கிறது. தாது வருடமும் அதனுள் அடக்கம்.

ஆனால் அது கடலின் மேற்பரப்பைப் பற்றிய சாட்சியம் மட்டுமே. வெப்பத்தை நூற்றாண்டுக் கணக்கில் தேக்கி வைப்பது இருள் சூழ்ந்த ஆழ்கடல். அங்கே, குளிர்ந்த நீரில், வெயிலே காணாமல் வளரும் பவளங்களும் உள்ளன. அவை கடல்நீரிலிருந்து யுரேனியத்தை ஏற்கின்றன. அது காலப்போக்கில் தோரியமாக மாறுகிறது. இரண்டின் விகிதத்தால் பவளத்தின் வயது தெரியும். அதே துண்டிலுள்ள கார்பன்-14, அந்த நீர் கடைசியாகக் காற்றைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்பதைச் சொல்லிவிடும். ஒரே எலும்பில் இரண்டு கடிகாரங்கள்! இம்முறையில் வட அட்லாண்டிக்கின் ஆழ்நீர் சுமார் 15,400 ஆண்டுகளுக்கு முன், இருநூறு ஆண்டுகூட ஆகாத குறுகிய காலத்தில் நிலைமாறியதை 1998-இல் அறிஞர்கள் கண்டனர். கடல் மெல்லவே மாறும் என்று எண்ணியிருந்தவர்கள் திகைத்தனர்.

வெப்பத்தை அறிவது இவற்றில் அத்தனை எளிதன்று. தன் எலும்பைக் கட்டும்போது இவ்வுயிர் நீரின் இரசாயனத்தைத் தன் போக்கில் மாற்றிவிடுகிறது. ஆக்சிஜன் கணக்கு அதனால் தடுமாறும். எனவே லித்தியம், மக்னீசியம் ஆகிய இரண்டின் விகிதத்தை நாடுகின்றனர்.

நம் கடலிலும் இப்பவளங்கள் உண்டு. 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் அளவைக் கப்பலில் மருத்துவராய்ப் பணிபுரிந்த ஆல்காக், அது ஆழத்திலிருந்து அள்ளிய பவளங்களை விவரித்து 1898-இல் கல்கத்தாவில் நூல் வெளியிட்டார். பின்னர் 1933 செப்டம்பரில் எகிப்தியக் கப்பல் ஒன்று அலெக்சாந்திரியாவிலிருந்து புறப்பட்டு, 1934 மே வரை அரபிக்கடலை ஆராய்ந்தது. அதன் பெயர் 'மபாஹிஸ்'. ஆய்வுகள் என்பது பொருள். தலைவர் சீமோர் சூவல், இந்திய விலங்கியல் அளவைத் துறையின் இயக்குநராய் இருந்தவர். மாலுமிகள் எகிப்தியர். கப்பலின் மருத்துவர் ஹுஸைன் ஃபவ்ஸி, பிற்காலத்தில் அரபு இலக்கியத்தில் சிந்துபாத்தின் பெயரால் நூல்கள் எழுதியவர். இக்கப்பலை நம் ஏடுகள் நினைவுகூராதது நமக்கு வருத்தமே.

அன்று அவர்கள் தேடியவை புதிய இனங்கள். பெயர் சூட்டி, சீட்டு ஒட்டி, பேழையில் வைத்தனர். அதே எலும்புகளிலிருந்து இன்று காலத்தையும் வெப்பத்தையும் படிக்க முடிகிறது. வட அட்லாண்டிக்கிற்கு இப்பணி விரிவாக நடந்துள்ளது. நமக்கு மழை தரும் கடலுக்கு அவ்வளவு நடக்கவில்லை.

இதற்கிடையே கொல்லத்திற்கு அப்பால் ஆழ்கடல் இறாலைத் தேடி இழுவைப் படகுகள் செல்கின்றன. 2001 முதல் கற்பவளங்கள் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. ஆயினும் பல நூறு மீட்டர் ஆழத்தில் தரையை உரசிச் செல்லும் மடிக்கு, எது பாறை, எது பவளம் என்று தெரியாது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் கிளை ஒருமுறை முறிந்தால், அது காத்து வைத்திருந்த நூற்றாண்டுகளும் சேற்றில் சிதறிவிடும்.