தமிழ்த் திரையில் வண்ணமும் நெகட்டிவும்

தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956ஆம் ஆண்டில் வெளிவந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிக்க, டி. ஆர். சுந்தரம் இயக்கிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்பதே அப்படம். அந்நாளில் நாகரசம்பட்டி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். தருமபுரி மாவட்டம் 1965இலும், கிருட்டிணகிரி மாவட்டம் 2004இலும்தான் பிரிந்தன. ஆகவே தமிழ்த் திரையின் வண்ண வரலாறு இவ்வட்டாரத்தார்க்கு அயலார் கதையன்று. சொந்த மாவட்டத்தின் கதையே.

அப்படம் பெல்ஜிய நாட்டுக் கேவா கலர் சுருளில் எடுக்கப்பெற்றது. வண்ண நெகட்டிவ் கண்ட நிறத்தைக் கண்டவாறே காட்டும் பொருளன்று. நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளைத் தனித்தனியே ஏற்கும் மூன்று அடுக்குகள் அதில் உள்ளன. கழுவியபின் அவற்றில் முறையே மஞ்சள், மெஜந்தா, சயான் எனும் எதிர்நிறச் சாயங்கள் தோன்றும். நாயகியின் சிவப்புச் சேலை நெகட்டிவில் பசுநீலமாகக் கிடக்கும். மற்றொரு சுருளில் அச்சிட்ட பின்னரே தன் நிறம் பெறும். ஒளிப்பதிவாளர் விரும்பிய வண்ணம் நெகட்டிவில் தொடங்குகிறதே அன்றி, அங்கு முடிவதில்லை.

அவ்வண்ணத்தை மூன்று இடங்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது படப்பிடிப்புக் களம். 3200 கெல்வின் விளக்கொளிக்கென அமைந்த சுருளைப் பகலொளியில் பயன்படுத்தினால் காட்சியில் நீலம் படரும். அதைத் தடுக்க 85ஆம் எண் செம்மஞ்சள் வடிகட்டியை லென்சின்முன் பொருத்துவர். வேண்டுமென்றே அதை நீக்கி, விடியலின் குளிர்ச்சியை வரவழைப்பாரும் உண்டு. இரண்டாவது கழுவுமிடம். வெளுப்பு நிலையைத் தவிர்த்தால் வெள்ளித் துகள் சுருளிலேயே தங்கி, கருமை அடர்ந்து நிறம் அடங்கும். மூன்றாவது அச்சகம். அங்கே ஒவ்வொரு காட்சிக்கும் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் அளவைக் கண்ணால் மதிப்பிட்டு எண்ணாகக் குறிப்பவர் கிரேடர்.

1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ கேவா கலரில் படமாகி, லண்டனில் டெக்னிக்கலர் பிரதியாயிற்று. சாயங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரதியில் ஏற்றும் முறை அது. வண்ணத்தின் செழுமையில் அச்சுக்கு உள்ள பங்குக்கு இதுவே தக்க சான்று. 1964இல் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் ஏ. வின்சென்ட் ஈஸ்ட்மென் கலரைப் பகலொளியின் களிப்புக்குப் பயன்படுத்தினார். 1987இல் ‘நாயகன்’ படத்தில் பி. சி. ஸ்ரீராம் நிழலையும் மங்கலையும் துணைக்கொண்டு தேசிய விருது பெற்றார். வண்ணம் என்றால் பளபளப்பே என்றிருந்த எண்ணம் அத்தகைய படங்களால் மாறியது.

இன்று எழும் வினா வேறு. சாயம் நிலையானதன்று. பழைய ஈஸ்ட்மென் கலர் பிரதிகளில் சயான் முந்தி மங்குவதால் வானமும் வயலும் செந்நிறம் பூண்டுள்ளன. ‘கர்ணன்’ 2012இலும், ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014இலும், ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 2015இலும் கணினிவழிப் புதுப்பிக்கப்பெற்று மீண்டும் திரையேறின. மங்கிய சுருளிலிருந்து மூலச் சிவப்பு எது என்று துணிபவர் யார்?

இது பதிப்பாசிரியரின் இடர்ப்பாடே ஆகும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல சுவடிகளை ஒப்பிட்டே பாடம் தெளிந்தார். செல்லரித்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்புவது புலமையாகாது என்பதைத் தமிழ்ப் பதிப்புலகம் அறியும். திரைப்படத்திற்கும் சுவடிகள் உண்டு: எஞ்சிய பிரதிகள், படப்பிடிப்புக் குறிப்புகள், கிரேடர் எழுதிய ஒளி எண்கள், பணியாற்றியோர் நினைவு. இவற்றை ஒப்பிடாமல் இக்காலக் கண்ணுக்கு இனிதாக நிறமேற்றுவது புதுப்பித்தல் ஆகாது, இடைச்செருகலே ஆகும்.

வின்சென்ட் 2015இல் மறைந்தார். அவர் விரும்பிய மஞ்சள் எது என இனி அவரைக் கேட்க இயலாது. நெகட்டிவைக் காப்பதோடு, அதன் நிறத்தை அறிந்தோர் சொல்லையும் அவர்கள் உள்ளபோதே எழுதி வைத்தல் கடன்.