கம்பெனி செத்தால் வேனுக்கு யார் கதி?

பழைய வேன் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றுதான். பெருங்குடி தொழிற்பேட்டை பக்கம் பட்டறை வைத்திருந்த நான் கேட்கச் சொல்வது வேறு. அந்த வண்டியைச் செய்த கம்பெனி உயிரோடு இருக்கிறதா? இல்லையென்றால், அதே எஞ்சின் வேறு எந்த வண்டியிலாவது ஓடுகிறதா?

இந்தப் பாடம் வண்டலூரில் பிறந்தது. ஹெரால்டு, கெஸல் கார்களைச் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில்தான் ‘ஸ்டாண்டர்டு 20’ வேனும் தயாரானது. அதன் மூல வண்டி 1958-இல் இங்கிலாந்தில் வந்த ஸ்டாண்டர்டு அட்லஸ். சின்னக் காருக்கான 948 சி.சி. எஞ்சினை அதில் வைத்ததால் சுமை ஏற்றினால் திணறுகிறது என்று அங்கேயே பேர் கெட்டு, பிறகு பெரிய எஞ்சின் போட்டார்கள். அங்கே கதை முடிந்த பிறகும் நம் ஊரில் அந்த வேன் 1980கள்வரை வந்துகொண்டிருந்தது.

அந்தக் கால வேன்களில் எஞ்சின் இருப்பது இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில். பெட்டி மூடியைத் தூக்கினால், மழையில் நனையாமல் பிளக் கழற்றலாம். வெயில் காலத்தில் டிரைவரின் இடது கால்தான் பாவம். கார்த்திகை பிறந்துவிட்டால் பின் சீட்டைக் கழற்றிப் பலகை அடித்து, ஜமுக்காளம் விரித்து, மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கட்டி, அரிசி மூட்டையைக் கேரியரில் ஏற்றி, சபரிமலைக்குக் கிளம்புவார்கள். தூக்கம், சமையல், பஜனை எல்லாம் வண்டியோடுதான்.

1985-இல் அதே ஆலை ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பில் பழைய இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்து ‘ஸ்டாண்டர்டு 2000’ கொண்டுவந்தது. விலையும் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். எடுபடவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. மிச்சமிருந்த எஸ்.டி.1 பாகங்களை இங்கிலாந்தின் ஸ்பேர் வியாபாரி ரிம்மர் பிரதர்ஸ் அள்ளிக்கொண்டு போனது. அங்கே ரோவர் வைத்திருப்பவருக்கு வண்டலூர் ஸ்பேர் கிடைத்தது. இங்கே வேன் வைத்திருந்தவர் புதுப்பேட்டைப் பழைய ஸ்பேர் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கினார்.

புதுப்பேட்டையிலும் இல்லையென்றால் லேத்துதான். வாட்டர் பம்ப் ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் பழையதை வெர்னியரில் அளந்து, இரும்பு ராடில் புதிதாகக் கடைவோம். பேரிங் உட்காரும் இடத்தில் ஒரு நூல் கூடினால் இறங்காது, குறைந்தால் ஆடும். கேஸ்கெட்டுக்கு ஒரு வழி உண்டு. தாளை ஹவுசிங் மேல் வைத்து, விளிம்போரமாகக் குண்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் அச்சு மாதிரி வெட்டுப்பட்டு வரும். இதற்குள் வண்டி வாரக்கணக்கில் நிற்கும். பேட்டரி இறங்கும், டயர் வெடிப்பு விடும், எலி ஒயரைக் கடிக்கும். ஒரு ரிப்பேருக்கு வந்த வண்டி நாலு ரிப்பேரோடு போகும். சொந்த வண்டி என்றால் 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாக ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். டீசல் எஞ்சினுக்கு மாற்றியிருந்தால் அதையும் ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றாமல் விட்டவர்கள் ஆர்.டி.ஓ. வாசலில் மாட்டிக்கொண்டார்கள்.

பூனாவின் பஜாஜ் டெம்போ செய்த மெட்டடாரும் கிழவண்டிதான். ஆனால் அதில் வந்த மெர்சிடிஸ் ஓ.எம்.616 டீசல் எஞ்சின் அதே கம்பெனியின் டிராக்ஸ் வண்டியிலும் ஓடியது. அதனால் மெட்டடார் நின்ற பிறகும் பிஸ்டனுக்கும் நாசிலுக்கும் அலைச்சல் இல்லை. உலகம் முழுக்கக் கேம்பர் பிரியர்கள் கொண்டாடும் ஃபோக்ஸ்வேகன் வேன் 1950-இல் வந்தது. பிரேசிலில் 2013 வரை அதைச் செய்தார்கள். அந்தப் பழைய வேன்கள் இன்றும் ஓடுவதற்குப் பாசம் பாதிக் காரணம், ஸ்பேர் மீதிக் காரணம்.

கேரளா 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டம் அறிவித்த பிறகு, ஓ.எம்.ஆர். ஐ.டி. பையன்கள் பழைய வேனைப் படுக்கை வண்டியாக்க என்னிடம் யோசனை கேட்கிறார்கள். கட்டிலும் அடுப்பு மேடையும் எந்த ஆசாரியும் செய்துவிடுவார், தம்பி. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஜி.பி. ரோடு ஸ்பேர் கடைக்குப் போய், அந்த வண்டிக்கு கிளட்ச் பிளேட்டும் வாட்டர் பம்ப்பும் என்ன விலை என்று விசாரியுங்கள். கடைக்காரர் விலை சொன்னால் வாங்கலாம். ‘எந்த வண்டி?’ என்று இரண்டாம் தடவை கேட்டால், பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.